எரர் போடாதவர்தான் நல்ல ஃபீல்டரா? கார்டினல்ஸ் அணியை வைத்து ஒரு பேஸ்பால் பாடம்

1968 அக்டோபர் 10. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரில் பேஸ்பால் உலகத் தொடரின் ஏழாவது ஆட்டம். ஜெயிக்கிறவர்களுக்குக் கோப்பை. ஏழாவது இன்னிங்ஸில் (ஓர் ஆட்டத்துக்கு ஒன்பது இன்னிங்ஸ், ஒவ்வொன்றிலும் மூன்று பேர் அவுட் ஆனால் அடிக்கும் அணி மாறும்) இரண்டு பேர் அவுட், இரண்டு பேர் பேஸ்களில் நிற்கிறார்கள், இரு அணிகளும் இன்னும் ரன் கணக்கையே தொடங்கவில்லை. டெட்ராய்ட் டைகர்ஸின் ஜிம் நார்த்ரப் அடித்த பந்து நடு அவுட்ஃபீல்டுக்குப் பறக்கிறது. அங்கே நிற்பவர் சொந்த ஊர் அணியான கார்டினல்ஸின் கர்ட் ஃபிளட். அந்த இடத்துக்கு அவரைவிட நல்ல ஆள் கிடையாது என்று ஊரே சொன்ன காலம் அது. 1966 சீசன் முழுக்க அவர் ஒரு தவறுகூடச் செய்யவில்லை. 1965 முதல் 1967 வரை தொடர்ச்சியாக 226 ஆட்டங்கள் சுத்தமாக ஆடியவர்.

அந்தப் பந்துக்கு அவர் முதலில் முன்னால் ஓரடி எடுத்து வைத்தார். பந்து தலைக்கு மேல் போகிறது என்று தெரிந்து திரும்பும்போது கால் வழுக்கியது. பந்து அவரைத் தாண்டி விழுந்தது, இரண்டு ரன். கார்டினல்ஸ் 4-1 என்று தோற்றது.

இதில் வேடிக்கை என்னவென்றால், ஸ்கோர் புத்தகத்தில் ஃபிளட் பெயருக்கு எதிரே எந்தத் தவறும் ஏறவில்லை. 'நார்த்ரப், டிரிபிள்' என்றுதான் எழுதியிருக்கிறது. அதாவது அடித்தவர் மூன்றாவது பேஸ் வரை போகுமளவுக்கு நல்ல அடி. பார்த்தவர்கள் அத்தனை பேரும் ஐம்பது வருடத்துக்கு மேல் பேசிக்கொண்டிருக்கும் ஒரு தடுமாற்றம், கணக்கில் இல்லவே இல்லை.

பேஸ்பால் ஃபீல்டிங் பற்றிப் பேசுகிறவர்களில் பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான். "அவர் வருஷத்துக்கு மூன்று எரர்தான் போட்டார், அப்படியானால் பெரிய ஃபீல்டர்" என்பார்கள். அது ஏன் சரியில்லை, பிறகு எதைப் பார்க்க வேண்டும் என்பதைக் கார்டினல்ஸ் அணியின் வரலாற்றை வைத்தே சொல்லிவிடலாம். கிரிக்கெட் தெரிந்திருந்தால் போதும், பேஸ்பால் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

## முதலில் யார் எங்கே நிற்கிறார்கள்

மைதானத்தை ஒரு விசிறி மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். விசிறியின் பிடியில் அடிப்பவர் நிற்கிறார். அவருக்குப் பின்னால் குந்தி உட்கார்ந்திருப்பவர் கேட்சர், நம் விக்கெட் கீப்பர் மாதிரி. எதிரே சுமார் 60 அடி தூரத்தில் பந்தை எறிபவர் பிட்சர். அடித்தவர் வலப்பக்கம் 90 அடி ஓடினால் முதல் பேஸ், அங்கிருந்து இரண்டாவது, மூன்றாவது, பிறகு புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஒரு ரன்.

முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ்களின் பக்கத்தில் ஆளுக்கு ஒருவர் நிற்பார். இரண்டாவதுக்கும் மூன்றாவதுக்கும் நடுவே நிற்கும் நாலாவது ஆள்தான் ஷார்ட்ஸ்டாப். இவர்கள் பின்னால், விசிறியின் அகலமான விளிம்பில், இடது, நடு, வலது என்று மூன்று பேர். அதுதான் அவுட்ஃபீல்டு. மொத்தம் ஒன்பது பேர்.

கிரிக்கெட்டிலிருந்து ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. பந்து தரையில் பட்டுவிட்டாலும் அவுட் ஆக்கலாம். அடித்தவர் முதல் பேஸைத் தொடுவதற்கு முன்னால், பந்து அங்கே நிற்பவர் கைக்குப் போய்விட்டால் முடிந்தது கதை. அடித்தவர் அங்கே போய்ச் சேர நாலு விநாடிக்குக் கொஞ்சம் மேலே ஆகும். அதற்குள் ஷார்ட்ஸ்டாப் ஓடி, குனிந்து, எடுத்து, எறிந்தாக வேண்டும். கிரிக்கெட்டில் ஃபீல்டர் பெரும்பாலும் ரன்னைத்தான் தடுக்கிறார். இங்கே விக்கெட்டே அவர் கையில் இருக்கிறது.

## எரர் என்பது என்ன

ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஓர் அதிகாரபூர்வ ஸ்கோரர் உண்டு. 'சாதாரண முயற்சியில் இந்தப் பந்தை எடுத்து அவுட் ஆக்கியிருக்கலாம், ஆனால் கோட்டை விட்டார்' என்று அவருக்குத் தோன்றினால் எழுதுவதுதான் எரர். தோன்றினால் என்பதைக் கவனியுங்கள். அது ஒரு மனிதரின் தீர்ப்பு.

இதிலிருந்து வரும் எண் ஃபீல்டிங் சதவீதம். பந்தைத் தொட்ட வாய்ப்புகளில் எத்தனையைச் சரியாக முடித்தார் என்ற விகிதம் அது. நூறு வாய்ப்பில் இரண்டு எரர் என்றால் 98 சதவீதம்.

கேட்கும்போது நியாயமாகத்தான் இருக்கிறது. இப்போது ஓர் ஓட்டலுக்கு வாருங்கள். ஒரு சர்வர் ஒரு நேரத்தில் ஒரே தட்டைத்தான் எடுத்து வருகிறார். மாதம் முழுக்க ஒன்றும் உடைக்கவில்லை. இன்னொருவர் கையில் மூன்று, முழங்கையில் ஒன்று என்று நாலு தட்டோடு வருகிறார். மாதத்தில் இரண்டு உடைக்கிறார். தட்டு உடைந்த கணக்கை மட்டும் வைத்து முதலாளி சம்பளம் போட்டால் யாருக்கு அதிகம் கிடைக்கும்? சாப்பிட வந்தவர்களைக் கேட்டால் வேறு பதில் வரும்.

இதையே எண்ணில் போட்டுப் பார்ப்போம் (எண்கள் கற்பனை). இரண்டு ஷார்ட்ஸ்டாப்கள். இருவர் பக்கமும் 500 பந்துகள் வருகின்றன. முதல்வர் 400 பந்தைப் போய்த் தொடுகிறார், 8 எரர். 392 அவுட், ஃபீல்டிங் சதவீதம் 98. இரண்டாமவர் 460 பந்தைத் தொடுகிறார், 18 எரர். 442 அவுட், சதவீதம் 96. எரர் கணக்கில் முதல்வர் கெட்டிக்காரர். ஆனால் இரண்டாமவர் அணிக்கு 50 அவுட் கூடுதலாகக் கொடுத்திருக்கிறார். முதல்வர் எட்டாத அந்த நூறு பந்துகளும் 'நல்ல அடி' என்ற பெயரில் எதிரணியின் கணக்கில் போய்ச் சேர்ந்திருக்கும்.

இதுவரை பார்த்ததில் நினைவில் வைக்க வேண்டியது ஒன்றுதான். எரர், தொட்ட பந்தைப் பற்றி மட்டுமே பேசுகிறது. தொடாத பந்தைப் பற்றி அது வாயே திறப்பதில்லை.

## ஷார்ட்ஸ்டாப்: எட்டும் தூரம்

தொடாத பந்தை எப்படிக் கணக்கில் எடுப்பது? அதற்குத்தான் ரேஞ்ச் என்ற சொல். ஒருவர் நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரத்துப் பந்தை அவுட் ஆக்க முடிகிறது என்பதே ரேஞ்ச். இது அதிகம் தேவைப்படும் இடம் ஷார்ட்ஸ்டாப். வலக்கையால் அடிப்பவர்கள்தான் அதிகம், அவர்கள் இயல்பாக இழுத்து அடிக்கும் திசை அது. அங்கிருந்து முதல் பேஸுக்கு எறியும் தூரமும் அதிகம்.

கார்டினல்ஸுக்கு இந்த இடத்தில் நீண்ட பரம்பரை. 1940-களில் மார்ட்டி மேரியன். கைகால்கள் அவ்வளவு நீளம், 'ஆக்டோபஸ்' என்று பட்டப்பெயர். 1944-ல் அவருடைய பேட்டிங் சராசரி .267, அதாவது நூறு முயற்சியில் சுமார் 27 நல்ல அடி, சுமார்தான். ஆனாலும் அந்த வருடம் லீகின் மதிப்புமிக்க ஆட்டக்காரர் விருது அவருக்கே போனது. ரேஞ்ச் என்ற கணக்கெல்லாம் வருவதற்கு முன்பே பார்த்தவர்கள் கண் அதை எடைபோட்டிருக்கிறது.

அப்புறம் ஆஸி ஸ்மித். 'விஸர்டு', மந்திரவாதி என்றே கூப்பிட்டார்கள். 1978 ஏப்ரல், அவர் அப்போது சான் டியேகோ பாட்ரேஸ் அணியில் புதுப்பையன். அட்லாண்டா அணியின் ஜெஃப் பரோஸ் அடித்த பந்து இரண்டாவது பேஸை ஒட்டி உருண்டு வருகிறது. ஸ்மித் இடப்பக்கம் பாய்கிறார். உடம்பு காற்றில் இருக்கும்போதே பந்து எகிறித் திசை மாறி அவருக்குப் பின்பக்கமாகப் போகிறது. கையுறை இடக்கையில், அது முன்னால் நீண்டு கிடக்கிறது. வெறும் வலக்கையைப் பின்னால் கொண்டுபோய்ப் பந்தைப் பிடித்து, தரையில் விழுந்து, எழுந்து, முதல் பேஸுக்கு எறிந்து அவுட் ஆக்கினார். அதை அவர் பிடிக்காமல் விட்டிருந்தால் எந்த ஸ்கோரரும் எரர் எழுதியிருக்க மாட்டார். அந்த நாளின் கணக்கில் ஒன்றுமே குறைந்திருக்காது.

1980-ல், இன்னும் பாட்ரேஸில் இருந்தபோது, அவர் எடுத்த அசிஸ்ட் 621. அசிஸ்ட் என்றால், தான் எறிந்த பந்தால் இன்னொருவர் கையில் அவுட் விழச் செய்வது. ஒரே சீசனில் வேறெந்த ஷார்ட்ஸ்டாப்பும் இவ்வளவு எடுத்ததில்லை. பேட்டிங்கோ பரிதாபம், 1981-ல் .222. ஆனாலும் கார்டினல்ஸ் மேலாளர் வைட்டி ஹெர்சாக், நன்றாக அடிக்கக்கூடிய கேரி டெம்பிள்டனைக் கொடுத்து ஸ்மித்தை வாங்கினார். பைத்தியக்காரத்தனம் மாதிரித் தோன்றும். ஆனால் அன்றைய செயின்ட் லூயிஸ் மைதானம் செயற்கைப் புல். அதில் உருளும் பந்துக்கு வேகம் கூடுதல், ரேஞ்ச் இல்லாதவரைத் தாண்டி ஓடிவிடும். அதே நேரம் தப்பும் தவறுமாக எகிறாது, எட்டிவிட்டால் எடுத்துவிடலாம். ஹெர்சாக் தரைக்கு ஏற்ற ஆளைத் தேடியிருக்கிறார். 1982-ல் அந்த அணி மொத்தமே 67 ஹோம்ரன்தான் (பந்தை வேலிக்கு வெளியே அடிப்பது, நம் சிக்ஸர் மாதிரி; அடித்தவரோடு பேஸில் நிற்பவர்களும் ரன் எடுப்பார்கள்) அடித்தது, பெரிய லீகுகளிலேயே மிகக் குறைவு. உலகத் தொடரை ஜெயித்தார்கள்.

## ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு திறமை

ரேஞ்ச் முக்கியம் என்றதும் எல்லா இடத்துக்கும் அதே அளவுகோலை நீட்டிவிடக் கூடாது. இதுவும் அடிக்கடி நடக்கும் தப்பு. கிரிக்கெட்டில் ஸ்லிப்பில் நிற்பவரையும் பவுண்டரியில் ஓடுபவரையும் ஒரே தராசில் நிறுக்க மாட்டோம் அல்லவா?

மூன்றாவது பேஸ்: இங்கே ஓட்டத்தைவிட அனிச்சைதான் பெரிது. மணிக்கு 160 கிலோமீட்டரில் அடித்த பந்து 90 அடியைக் கடந்து வர முக்கால் விநாடிகூட ஆகாது. ஓடுவதற்கு நேரமில்லை, விழுவதற்குத்தான் நேரம். 'ஹாட் கார்னர்' என்று அமெரிக்கர்கள் சும்மா சொல்லவில்லை. கென் பாயர், ஸ்காட் ரோலன், நோலன் அரெனாடோ என்று கார்டினல்ஸுக்கு இந்த மூலையில் ஆள் பஞ்சமே வந்ததில்லை.

முதல் பேஸ்: வேகம் குறைந்த, நன்றாக அடிக்கக்கூடிய பெரிய உடம்புக்காரரை நிறுத்தும் இடம் என்று ஒரு பேச்சு உண்டு. மற்றவர் எறிவதைப் பிடிப்பதுதானே வேலை என்ற எண்ணம். கீத் ஹெர்னாண்டஸ் அந்தப் பேச்சைப் பொய்யாக்கினார். எதிரணி பந்தை லேசாகத் தட்டிவிட்டு, ஏற்கெனவே பேஸில் நிற்கும் தன் ஆளை அடுத்த பேஸுக்கு நகர்த்தப் பார்க்கும். அதற்குப் பெயர் பண்ட். இவர் பந்து தட்டப்படும் முன்பே பாதி வழி ஓடி வந்து நிற்பார். இடக்கை ஆட்டக்காரர் என்பது கூடுதல் வசதி. முதல் பேஸ் பக்கமிருந்து இரண்டாவதுக்கோ மூன்றாவதுக்கோ எறிய இடக்கைக்காரர் உடம்பைத் திருப்ப வேண்டியதில்லை, எடுத்த கையோடு எறியலாம். இதே காரணத்தால்தான் இடக்கைக்காரரை ஷார்ட்ஸ்டாப்பில் பார்க்கவே முடியாது. அங்கிருந்து எறிய அவர் சுற்றித் திரும்ப வேண்டும், அதற்குள் ஓடுகிறவர் பேஸை மிதித்துவிடுவார்.

இரண்டாவது பேஸ் ஷார்ட்ஸ்டாப்பின் ஜோடி. ஒரே பந்தில் இரண்டு பேரை அவுட் ஆக்கும் டபிள் பிளேயில் நடுவே நின்று வாங்கி எறிவது பெரும்பாலும் இவர். ரெட் ஷேண்டியன்ஸ்ட் முதல் கோல்டன் வோங் வரை நல்ல வரிசை உண்டு. அதைச் சொல்லத் தொடங்கினால் இந்தக் கட்டுரை போதாது.

பிட்சரும் எறிந்த மறுநொடி ஃபீல்டர்தான். பாப் கிப்சன் எறிந்த வேகத்தில் முதல் பேஸ் பக்கமாகச் சாய்ந்து கிட்டத்தட்ட விழப்போவார், ஃபீல்டிங்குக்கு அதைவிட மோசமான நிலை இருக்க முடியாது. 1964 உலகத் தொடரின் ஐந்தாவது ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில், ஜோ பெப்பிடோன் அடித்த பந்து கிப்சன் உடம்பில் பட்டு மூன்றாவது பேஸ் பக்கம் தெறித்தது. சாய்ந்த உடம்பை நிமிர்த்தி, எதிர்த்திசையில் ஓடி, எடுத்துச் சுழன்று எறிந்தார். அவுட். அடுத்து வந்த டாம் டிரெஷ் இரண்டு ரன் ஹோம்ரன் அடித்து ஆட்டத்தைச் சமன் செய்தார். அந்த அவுட் விழாமல் இருந்திருந்தால் அது மூன்று ரன், ஆட்டமே கைவிட்டுப் போயிருக்கும். பத்தாவது இன்னிங்ஸில் கார்டினல்ஸ் ஜெயித்தது.

அவுட்ஃபீல்டில் நடு இடம்தான் ராஜா. பரப்பு அதிகம், ஓட்டம் அதிகம். ஃபிளட், வில்லி மெகீ, ஜிம் எட்மண்ட்ஸ் எல்லாம் அங்கே நின்றவர்கள். இடதுபக்கம் கொஞ்சம் எளிது என்பதால், பேட்டும் காலும் நன்றாக இருந்து ஃபீல்டிங் சுமாரானவர்களை அங்கே ஒளித்து வைப்பது வழக்கம். 938 பேஸ்களைத் திருடிய, அதாவது பந்து அடிக்கப்படாமலே அடுத்த பேஸுக்கு ஓடிச் சேர்ந்த, லூ பிராக் அங்கேதான் ஆடினார். 1982 அணியில் லோனி ஸ்மித்துக்கு 'ஸ்கேட்ஸ்' என்று பெயர். சறுக்குப் பலகையில் நிற்பவர் மாதிரி வழுக்கி வழுக்கி விழுவாராம். அவருக்கு அந்தப் பக்கம் மெகீ இருந்ததால் பிழைத்தார்கள்.

ஆக, ஷார்ட்ஸ்டாப்புக்கு ரேஞ்ச், மூன்றாவது பேஸுக்கு அனிச்சை, முதல் பேஸுக்குக் கையும் முன்யோசனையும், நடு அவுட்ஃபீல்டுக்குக் கால். ஒருவரின் எரர் எண்ணிக்கையை இன்னொரு இடத்துக்காரரோடு ஒப்பிடுவதில் பொருளே இல்லை.

## தங்கக் கையுறை எவ்வளவு தங்கம்

ஃபீல்டிங்குக்கென்றே 1957-ல் தொடங்கிய விருது கோல்டு கிளவ். கொடுப்பது ராலிங்ஸ் என்ற விளையாட்டுப் பொருள் கம்பெனி. அதுவும் 1887-ல் இதே செயின்ட் லூயிஸில் தொடங்கியதுதான். கையுறைக்கும் இந்த ஊருக்கும் இன்னொரு தொடர்பு உண்டு. முற்காலத்தில் கையுறை வெறும் மெத்தை, கை வலிக்காமல் இருந்தால் போதும் என்ற அளவு. 1920-ஐ ஒட்டி கார்டினல்ஸ் பிட்சர் பில் டோக், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே தோல்வாரில் பின்னல் போட்டால் பந்து தங்குமே என்று யோசித்து ராலிங்ஸிடம் போனார். இன்றைய கையுறைகளுக்கெல்லாம் தாத்தா அதுதான்.

ஆஸி ஸ்மித்துக்கு 13 கோல்டு கிளவ், ஹெர்னாண்டஸுக்கு 11, கிப்சனுக்கு 9, ஃபிளட்டுக்கு 7. 2021-ல் கார்டினல்ஸ் ஆட்டக்காரர்கள் ஐந்து பேர் ஒரே வருடத்தில் வாங்கினார்கள். அதற்கு முன் எந்த அணிக்கும் அது வாய்த்ததில்லை.

விருதை முழுசாக நம்பிவிடவும் வேண்டாம். வெகுகாலம் மேலாளர்களும் பயிற்சியாளர்களும் போட்ட ஓட்டுதான் எல்லாம். நன்றாக அடிப்பவருக்கும் பெயர் பெற்றவருக்கும் ஓட்டு விழும். 1999-ல் டெக்ஸஸ் அணியின் ரஃபேல் பால்மேரோ முதல் பேஸில் 28 ஆட்டம் மட்டுமே நின்று விருதை வாங்கிப்போனார். மற்ற ஆட்டங்களில் அவர் பெரும்பாலும் அடிக்க மட்டும் வந்தவர். 2013 முதல்தான் புள்ளிவிவரக் கணக்குக்கும் கால் பங்கு இடம் கொடுத்தார்கள்.

## இப்போது எப்படி அளக்கிறார்கள்

2015 முதல் பெரிய லீக் மைதானங்கள் எல்லாவற்றிலும் பந்தையும் ஆட்களையும் தொடரும் கருவிகள் இருக்கின்றன. ஒரு பந்து பறக்கும்போது ஃபீல்டர் எவ்வளவு தூரம் ஓட வேண்டும், எவ்வளவு நேரம் இருக்கிறது என்பது துல்லியமாகத் தெரியும். அதே மாதிரியான பந்துகளை மற்றவர்கள் எத்தனை முறை பிடித்தார்கள் என்று பார்த்து ஒரு வாய்ப்பு எண் போடுவார்கள்.

நூறில் 25 முறைதான் பிடிபடும் பந்து என்று வையுங்கள். அதைப் பிடித்தால் மீதமுள்ள 0.75 உங்கள் கணக்கில் ஏறும். விட்டால் 0.25 மட்டும் கழியும், கஷ்டமான பந்துதானே. மாறாக 90 முறை பிடிபடும் பந்தைப் பிடித்தால் வெறும் 0.10, விட்டால் 0.90 போச்சு. சீசன் முழுக்க இப்படிக் கூட்டிக் கழித்து வருவதற்குப் பெயர் 'சராசரிக்கு மேலான அவுட்'. பரீட்சையில் கஷ்டமான கேள்விக்கு அதிக மார்க் கொடுப்பது மாதிரிதான்.

இதில் எரர் என்ற சொல்லுக்கே வேலையில்லை. முன்னால் ஓரடி எடுத்து வைத்துத் தாமதமானவருக்கும், கைக்கு வந்ததை நழுவவிட்டவருக்கும் ஒரே கேள்விதான்: அவுட் விழுந்ததா? இந்தக் கருவிகள் 1968-ல் இருந்திருந்தால் நார்த்ரப்பின் பந்து ஃபிளட்டின் கணக்கில் கழிந்திருக்கும். அதே கருவிகள் அதற்கு முந்தைய பத்து வருடத்தில் அவர் ஓடிப் பிடித்த பந்துகளையும் கூட்டியிருக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

## கேட்சர்: நடக்காததை எப்படி எண்ணுவது

கடைசிக்கு வைத்தது கேட்சரை. மற்ற எட்டுப் பேரும் எதிரே பார்க்கும் மைதானத்தை எதிர்ப்பக்கமிருந்து பார்ப்பவர் இவர் ஒருவர்தான். எந்தப் பந்து எறிவது என்று பிட்சருக்குச் சைகை காட்டுவார், தரையில் குத்தும் பந்தை நெஞ்சால் தடுப்பார், பேஸ் திருட ஓடுகிறவரை எறிந்து அவுட் ஆக்குவார்.

கார்டினல்ஸில் இந்த இடம் என்றால் யாடியர் மொலினா. புவெர்ட்டோ ரிக்கோக்காரர், 2004 முதல் 2022 வரை இதே அணி, 9 கோல்டு கிளவ். பிட்சர் எறிந்த பந்தை வாங்கி இரண்டாவது பேஸுக்கு 127 அடி எறிய நல்ல கேட்சருக்கு இரண்டு விநாடி ஆகும். மொலினாவிடம் திருட முயன்ற ஐந்து பேரில் இரண்டு பேர் மாட்டினார்கள். அந்த விகிதத்தைப் பார்த்துத்தான் மற்றவர்கள் ஓடவே பயந்தார்கள். ஓடத் தயாராக முதல் பேஸை விட்டு நாலு காலடி நகர வேண்டியவர் மூன்று காலடியில் நின்றுகொண்டார். ஓடாதவரை அவுட் ஆக்க முடியாது, எண்ணவும் முடியாது. நாய் இருக்கும் வீட்டில் எத்தனை திருட்டு தடுக்கப்பட்டது என்று போலீஸ் ஸ்டேஷனில் கணக்கு இருக்காதே.

பிட்சரோடு சேர்ந்து ஒரு கேட்சர் எவ்வளவு காலம் ஆடுகிறார் என்பதையாவது எண்ணலாம். ஆடம் வெயின்ரைட் எறிய, மொலினா பிடிக்க, ஆட்டத்தைத் தொடங்கியது 328 முறை. 2022 செப்டம்பரில் அவர்கள் முறியடித்த பழைய சாதனை 324. அது டெட்ராய்ட் டைகர்ஸின் மிக்கி லோலிச், பில் ஃப்ரீஹன் ஜோடியுடையது. 1968 அக்டோபர் 10-ல் செயின்ட் லூயிஸில் கிப்சனுக்கு எதிராக எறிந்து ஜெயித்தவர் லோலிச். அன்றைய கடைசி அவுட், கேட்சருக்குப் பக்கத்திலேயே மேலே எழும்பிய ஒரு சாதாரணப் பந்து. ஃப்ரீஹன் அண்ணாந்து பார்த்து அதைப் பிடித்தார், லோலிச் ஓடிப்போய் அவர் மேல் தாவி ஏறிக்கொண்டார்.